பனியில் ஓடும் காரும் வல்கோர்ட் கராஜ்காரரும்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் இருந்து வாசியுங்கள். இல்லாதவர்கள் சேமித்து வைத்து இரவில் வாசியுங்கள்.

போன கிழமை விஞ்ஞான ஆசிரியர் லீவு. அந்தப் பாடவேளைக்கு அதிபர் என்னைத் தரம் 10க்கு அனுப்பிவிட்டார். நானோ வரலாறு படிப்பிக்கிறவன். பிள்ளைகளின் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். கடைசியாகப் படித்தது 'அமுக்கம்'. சரி, ஒரு வேலை கொடுப்போம் என்று நினைத்து, "ஒரு ஆள் உயரத்துக்குப் பனி விழுகிற ஊர். ரோடு எது, வயல் எது என்று தெரியாது. அந்த ஊரில் ஓடுவதற்கு ஒரு கார் செய்யவேண்டும். திட்டம் போட்டு, படம் கீறிக் காட்டுங்கள்" என்றேன்.

பனியையே கண்டிராத பிள்ளைகள். ஆனாலும் அரை மணித்தியாலத்தில் இருபது வகையான வாகனம் வந்துவிட்டது. அநேகமானவர்கள் கீறியது ஒரே விதம்: பெரிய எஞ்சின், யானைக்கால் போன்ற சில்லு, முன்னால் புல்டோசர் தகடு. ஒரு பிள்ளை மட்டும் வயலில் உழும்போது மெசினுக்குப் பூட்டுகிற இரும்புச் சில்லைக் கீறியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "சேர், சேத்துல ஓடுறது பனியிலயும் ஓடும்தானே" என்றாள்.

அந்தப் பிள்ளையின் பதில் எனக்குப் பழைய கதையொன்றை ஞாபகப்படுத்தியது. மிச்சமிருந்த நேரத்தில் அதைத்தான் சொன்னேன். மணி அடித்துவிட்டது, கதை முடியவில்லை. அதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

கதை நடந்தது கனடாவின் கியூபெக் மாகாணத்தில். ஊரின் பெயர் வல்கோர்ட். பிரெஞ்சு பேசும் விவசாயிகள் வாழ்ந்த சிறிய கிராமம். நூறு வருடங்களுக்கு முன்பு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கார் என்பது கோடைகாலப் பொருள். பனி விழத் தொடங்கியதும் கார் வைத்திருந்தவர்கள் அதைக் கொட்டிலுக்குள் தள்ளி, சில்லு நிலத்தில் படாமல் கட்டைமேல் ஏற்றி வைத்துவிடுவார்கள். பிறகு பனி உருகும் வரை குதிரையும் சறுக்கு வண்டியும்தான். நகரத்துப் பெரிய வீதிகளில் பனியை அகற்றுவார்கள். கிராமத்து வீதிகளைத் திரும்பிப் பார்க்க யாருமில்லை. தபால், வியாபாரம், வைத்தியர் எல்லாமே குதிரையின் வேகத்துக்கு இறங்கிவிடும்.

அந்த ஊரில் 1907ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு விவசாயியின் மூத்த மகனாகப் பிறந்தவர்தான் ஜோசப் அர்மண்ட் பொம்பார்டியர். எட்டுப் பிள்ளைகள் உள்ள குடும்பம். சின்ன வயதிலேயே பழைய மணிக்கூட்டின் உள் இயந்திரத்தைக் கழற்றி, அதை வைத்து ஓடும் விளையாட்டு வண்டி செய்கிற பிள்ளை. இப்படியான பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் இருக்கிறார்கள். அவர்களின் மேசைக்குக் கீழே எப்போதும் ஏதாவது கழற்றிய நிலையில் கிடக்கும். அவரைப் பாதிரியாராக்க வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. 14 வயதில் ஷெர்புரூக் நகரத்திலிருந்த சமயக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

மகனின் கை சும்மா இருக்காது என்று தெரிந்த தந்தை, ஒரு பழைய ஃபோர்ட் மொடல் டி காரின் எஞ்சினை அவரிடம் கொடுத்தார். 1922 டிசம்பர் 31. நத்தார் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த 15 வயதுப் பையன், தம்பி லியோபோல்டையும் ஏற்றிக்கொண்டு ஒரு விசித்திரமான வண்டியை வெளியே கொண்டுவந்தார். இரண்டு சறுக்கு வண்டிகளை முன்னும் பின்னுமாக இணைத்து, பின்னால் அந்த எஞ்சினைப் பூட்டி, எஞ்சினில் விமானத்துக்கு இருப்பதுபோல மரத்தாலான ஒரு காற்றாடி. தம்பி முன்னாலிருந்து திசை திருப்ப, அண்ணன் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள, காது கிழியும் சத்தத்தோடு அது வல்கோர்ட் வீதியில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் ஓடியது. ஊரே வெளியே வந்து பார்த்தது.

தந்தையும் பார்த்தார். மூடியில்லாமல் சுழலும் காற்றாடி ஒரு ஆளின் கையையோ கழுத்தையோ எடுத்துவிடும் என்பது அவருக்குப் புரிந்தது. உடனடியாகக் கழற்றச் சொன்னார். பையன் கழற்றினார். ஆனால் பனியில் எஞ்சினால் ஓடலாம் என்பதைத் தன் கண்ணாலேயே கண்டுவிட்டார்.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்லவேண்டும். பனி வண்டி என்ற யோசனை இவருக்கு மட்டும் வந்ததல்ல.

ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கொலஸின் கார்களைப் பராமரித்தவர் அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர். காரின் பின்சில்லுகள் இருக்கும் இடத்தில் ஒரு நீண்ட வளையும் பட்டியைப் பூட்டி, முன்சில்லுக்குச் சறுக்குப் பலகை போட்டு, பனியில் ஓட்டிக் காட்டினார். புரட்சிக்குப் பிறகு அதே முறையில் மாற்றிய ஒரு ரோல்ஸ் ரோய்ஸ் கார் லெனினின் பாவனைக்கு வந்தது. மொஸ்கோவுக்கு அருகிலுள்ள கோர்க்கி நூதனசாலையில் அது இன்றும் இருக்கிறது. கெக்ரெஸ் பிரான்ஸுக்குத் திரும்பி சிட்ரொயன் கம்பனியில் சேர்ந்தார். பனிக்காகச் செய்த அந்தப் பட்டி, பிறகு மணலுக்குப் போனது. 1922 டிசம்பரில் ஐந்து சிட்ரொயன் வாகனங்கள் அல்ஜீரியாவின் துக்கூர்ட்டில் இருந்து புறப்பட்டு, சஹாராவைக் கடந்து, 1923 ஜனவரி முதல் வாரத்தில் திம்புக்துவை அடைந்தன. கவனித்தீர்களா? வல்கோர்ட் பையன் காற்றாடி வண்டியை ஓட்டிய அந்த டிசம்பர் 31இல், கெக்ரெஸின் பட்டி பூட்டிய கார்கள் சஹாராவின் நடுவே ஓடிக்கொண்டிருந்தன.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த வேர்ஜில் வைட் என்ற ஃபோர்ட் கார் வியாபாரி இன்னொரு வழி கண்டார். மொடல் டி காரை வாங்கியவரே தன் வீட்டில் பூட்டிக்கொள்ளும் ஒரு தொகுதி அது. முன்சில்லைக் கழற்றிச் சறுக்குப் பலகை. பின்னால் மேலதிகமாக ஒரு அச்சும் சில்லும், அவற்றைச் சுற்றி ஒரு பட்டி. 1917இல் காப்புரிமை பெற்றார். 1920களில் அந்தப் பகுதியின் வைத்தியர்களும் தபால்காரர்களும் அதை வாங்கினார்கள்.

ஆகவே வழி அடைபட்டிருக்கவில்லை. ஆனால் சக்கரவர்த்தியின் கராஜில் செய்தது சாதாரண ஆளின் கைக்கு எட்டாது. காருக்குப் பூட்டும் தொகுதியோ, பாதையில் ஓடுவதற்கென்று செய்த பாரமான ஒரு காரை, பாதையே இல்லாத இடத்தில் ஓடச் சொல்கிறது. ஆழமான புதுப் பனியில் அதற்கும் ஒரு எல்லை உண்டு.

பொம்பார்டியருக்குச் சமயக் கல்லூரி ஒத்துவரவில்லை. தந்தையைச் சம்மதிக்க வைத்து அதைவிட்டு வெளியே வந்தார். பக்கத்து ஊர்க் கராஜில் வேலை பழகினார். பிறகு மொன்றியலுக்குப் போய்ப் பகலில் வேலை, இரவில் இயந்திரவியலும் மின்னியலும் படிப்பு. தொழில்நுட்பப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்ததால் ஆங்கிலமும் படித்தார். 1926இல், 19 வயதில், தந்தை கொடுத்த கடனில் வல்கோர்ட்டில் சொந்தக் கராஜ் திறந்தார். சில வருடங்களிலேயே அந்தக் கடனை அடைத்துவிட்டார்.

கோடையில் கராஜ் நிறைய வேலை. மாரியில் கார்கள் எல்லாம் கட்டைமேல் ஏறிவிடுவதால் கராஜ் காலி. அந்தக் காலியான மாதங்களில் அவர் பனி வண்டியைத் திட்டமிட்டார். ஒரு வருடமல்ல, இரண்டு வருடமல்ல, கிட்டத்தட்ட பத்து மாரிகாலம். ஒவ்வொரு மாரியிலும் ஒரு மாதிரி. செய்வார், ஓட்டுவார், புதையும் அல்லது உடையும். கழற்றுவார். அடுத்த மாரியில் இன்னொன்று.

என் பிள்ளைகள் கீறிய படங்களுக்கும் அவருடைய திட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள்.

முதலாவது, பாரம். பனியில் பலத்தைக் கூட்டினால் சில்லு வேகமாகச் சுற்றும், வேகமாகப் பள்ளம் தோண்டும், வேகமாகப் புதையும். பெரிய எஞ்சின் என்றால் பெரிய பாரம். ஆகவே வண்டி இலேசாக இருக்கவேண்டும். பொம்பார்டியரின் முதல் வண்டிகளின் உடல் இரும்பல்ல, மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும்தான்.

இரண்டாவது, பரப்பு. தரம் 10 பிள்ளைகளுக்குத் தெரிந்த சூத்திரம் இது. அதே பாரத்தைப் பெரிய பரப்பில் பரவவிட்டால் அமுக்கம் குறையும். சேற்றில் பலகை போட்டு நடக்கிறோமே, அதே கணக்கு. கனடாவின் பூர்வீகக் குடிகள் பல நூற்றாண்டுகளாக அகலமான பனிக்காலணி கட்டி நடந்ததும் இதே கணக்கில்தான். சில்லு நிலத்தைத் தொடுவது ஒரு கையகலம். நீண்ட பட்டி தொடுவது ஒரு கதவு அகலம்.

மூன்றாவது, பிடி. சறுக்குப் பலகை பாரத்தைத் தாங்கும், ஆனால் வண்டியைத் தள்ளாது. காற்றாடி தள்ளும், ஆனால் ஆபத்து. அதோடு மேட்டில் ஏறும்போது காற்றுக்குப் போதிய பலம் கிடையாது. ஆகவே முன்னால் திசை திருப்பச் சறுக்குப் பலகை, பின்னால் தாங்கவும் தள்ளவும் பட்டி என்ற முடிவுக்கு வந்தார்.

முடிவு சரி. சிக்கல் அந்தப் பட்டியில் இருந்தது. பட்டியைச் சுற்றவைப்பது ஒரு பற்சில்லு. உலோகப் பற்களுக்கிடையே பனி போய் இறுகும். இறுகியது ஐஸாகும். ஐஸ் ஏற ஏறப் பட்டி பல்லை விட்டு வழுக்கும், கழன்று விழும், அல்லது அறுந்துவிடும். நடுக்காட்டில், பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரில் பட்டி கழன்றால் அது வெறும் இயந்திரக் கோளாறல்ல. உள்ளே இருப்பவர்களின் உயிர்ப் பிரச்சினை.

இந்த ஒரு சிக்கல் தீராமல்தான் வருடங்கள் ஓடின.

1929இல் அவருக்குத் திருமணம். மனைவி இவோன். பிள்ளைகள் பிறந்தார்கள். 1934 மாரிகாலத்தில் இரண்டு வயது மகனுக்கு வயிற்று வலி. குடல்வால் அழற்சி, அது முற்றி வயிற்றுக்குள் பரவிவிட்டது. உடனே சத்திரசிகிச்சை செய்யவேண்டும். வைத்தியசாலை இருப்பது ஷெர்புரூக்கில், கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர் தூரம். நல்ல காலத்தில் காரில் ஒரு மணித்தியாலப் பயணம். அன்று வீதி முழுக்கப் பனி. கார் ஓடாது. அவர் செய்துகொண்டிருந்த பனி வண்டியோ கராஜுக்குள் துண்டு துண்டாகக் கழற்றிய நிலையில் கிடந்தது.

பிள்ளை மரணித்துவிட்டது.

இந்தக் கதையைச் சொல்கிற பலர், மகன் இறந்த துயரத்தில்தான் அவர் பனி வண்டியைக் கண்டுபிடித்தார் என்று எழுதுவார்கள். கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது சரியல்ல. மகன் நோயுற்றபோது அவர் அந்த வேலையில் இறங்கிப் பன்னிரண்டு வருடமாகிவிட்டது. துயரத்திலிருந்து யோசனை பிறக்கவில்லை. யோசனை முழுமையடையவில்லை, அதற்கிடையில் துயரம் வந்துவிட்டது. ஒரு தகப்பனுக்கு இதில் எது பாரமானது என்று பிள்ளை பெற்றவர்கள் சொல்லுங்கள். "செய்யவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது" என்று சொல்லும் ஆறுதல்கூட அவருக்கு இல்லை. சாமான் கராஜில் இருந்தது, முடிந்திருக்கவில்லை.

பிறகும் அவர் அதே மேசைக்குத்தான் திரும்பினார். அடுத்த வருடம், 1935இல், அந்தச் சிக்கல் தீர்ந்தது.

தீர்வைக் கேட்டால் 'இவ்வளவுதானா' என்று இருக்கும். பற்சில்லை இறப்பரால் மூடினார். பட்டியையும் இறப்பர் வார்களால் செய்து, குறுக்கே உருக்குச் சட்டங்களைப் பொருத்தினார். இறப்பர் நெளியும். அது நெளியும்போது ஒட்டிய ஐஸ் பொடிந்து விழுந்துவிடும். பட்டி கழலவில்லை. சத்தமும் குறைந்தது. வளைவதால் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி தானே அமர்ந்தும் கொண்டது. 1937 ஜூன் மாதம் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவருக்கு அப்போது 30 வயது.

அந்தப் பட்டியோடு வந்த வண்டிக்குப் பெயர் 'பி 7'. பொம்பார்டியரின் முதலெழுத்து, ஏழு பேர் பயணிக்கலாம் என்பதால் 7. முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் இருபக்கமும் பட்டி, எஞ்சின் பின்பக்கம். மேலே மூடிய உடல் என்பதால் உள்ளே இருப்பவர்களுக்குக் குளிர்காற்றுப் படாது. 1940களில் 'பி 12' வந்தது. பன்னிரண்டு பேர் போகலாம். கப்பலில் இருப்பதுபோல வட்டக் கண்ணாடி ஜன்னல்கள். முந்திய வண்டியின் ஆரைக்கம்பிச் சில்லுகளில் பனி அடைந்ததால் இதில் தட்டையான மூடிய சில்லுகளைப் போட்டார். பனி ஒவ்வொரு தடவையும் ஒரு பிழையைக் காட்டிக்கொடுத்தது. அவர் அதைத் திருத்திக்கொண்டே போனார்.

யார் வாங்கினார்கள் என்று பாருங்கள். வைத்தியர்கள், மிருக வைத்தியர்கள், தபால்காரர்கள், பாதிரிமார், ஹோட்டல்காரர்கள், மையித்து எடுத்துச் செல்பவர்கள். விளையாட்டுக்கு வாங்கிய பணக்காரர்கள் அல்ல. பனி விழுந்தாலும் வேலை நிற்கக்கூடாதவர்கள். உலக யுத்தம் வந்தபோது உலோகத்துக்கும் இறப்பருக்கும் கட்டுப்பாடு. வண்டி வேண்டுமென்றால் அது தன் தொழிலுக்கு அத்தியாவசியம் என்று நிரூபிக்கவேண்டும். தொழிற்சாலை இராணுவத்துக்கும் செய்தது. யுத்தகாலத்தில் 1900க்கும் மேற்பட்ட பட்டி வாகனங்கள் அங்கிருந்து போயின.

ஆசிரியன் என்ற முறையில் எனக்குப் பிடித்தது இன்னொரு வண்டி. 'சி 18' என்று பெயர். பி 12ஐ நீட்டிச் செய்தது. பாடசாலைப் பிள்ளைகள் 25 பேர் இருக்கலாம். மாரிகாலம் முழுக்க வீட்டில் அடைபட வேண்டிய தூரத்துப் பண்ணைப் பிள்ளைகள் அதில் ஏறிப் பாடசாலைக்குப் போனார்கள். மகனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியாத ஒரு தகப்பன் செய்த வண்டியில், ஊர்ப் பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறார்கள். இதை நான் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இதோடு முடித்திருந்தால் நல்ல ஒரு வெற்றிக் கதை. ஆனால் வரலாறு இதோடு நிற்கவில்லை.

1948இல் கியூபெக் அரசு ஒரு முடிவெடுத்தது. இனி மாரிகாலத்தில் கிராமத்து வீதிகளிலும் பனியை அகற்றவேண்டும். அதாவது இத்தனை காலமும் செய்யாமல் விட்டதைச் செய்ய வெளிக்கிட்டது. வீதி திறந்ததும் சாதாரணக் காரே ஓடத் தொடங்கியது. பிறகு பனி வண்டி யாருக்கு வேண்டும்? ஒரே வருடத்தில் பொம்பார்டியரின் விற்பனை கிட்டத்தட்டப் பாதியாக விழுந்தது. புதிய தொழிற்சாலை, ஊர்முழுக்க அதில் வேலை செய்யும் ஆட்கள், எல்லாம் கேள்விக்குறி.

அவரோ பனியிலிருந்து சேற்றுக்கு இறங்கினார். என் மாணவி இரும்புச் சில்லைக் கீறியதுபோல, பனியில் ஓடுவது சேற்றிலும் ஓடும்தானே. உழவு இயந்திரத்தின் சில்லோடு பூட்டும் பட்டி செய்தார். 1953இல் 'மஸ்கெக்' என்ற வாகனம் வந்தது. மஸ்கெக் என்றால் வட கனடாவின் சதுப்பு நிலம். காட்டில் மரம் எடுக்கவும், எண்ணெய் தேடுபவர்களுக்கும், மின்கம்பம் நடுபவர்களுக்கும் அது உதவியது. தொழிற்சாலை தப்பியது.

அதன் பிறகு, சின்ன வயதிலிருந்து அவர் மனதில் இருந்த சிறிய வண்டிக்குத் திரும்பினார். இலேசான சிறு எஞ்சின்கள் அப்போதுதான் கிடைக்கத் தொடங்கியிருந்தன. 1959இல் ஒருவர் இருவர் ஏறும் சிறிய பனி வண்டி வந்தது. வடக்கே நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிக்குப் பதிலாக என்று 'ஸ்கீ டோக்' என்ற பெயர் வைக்க நினைத்தார்கள். அது 'ஸ்கீ டூ' ஆகிவிட்டது. முதலாவது மாரியில் 225 வண்டி விற்றது. அவர் 1964 பெப்ரவரியில் புற்றுநோயால் காலமானார். வயது 56. அந்த நேரம் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தது. வைத்தியருக்கும் தபால்காரருக்கும் என்று தொடங்கிய வண்டி, கடைசியில் பெரும்பாலும் விளையாட்டு வாகனமாகியது. காட்டின் அமைதியைக் கெடுக்கிறது, விபத்து நடக்கிறது என்ற முறைப்பாடுகளும் பின்னாலேயே வந்தன. அதையும் சொல்லாமல் விட்டால் வரலாறு ஆகாது. அவருடைய பெயரில் உள்ள கம்பனி பிறகு ரயிலும் விமானமும் செய்தது. அந்தப் பழைய கராஜ் இன்றும் வல்கோர்ட் நூதனசாலையில் பாதுகாப்பாக இருக்கிறது.

இனி வகுப்புக்கு வருகிறேன்.

மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், மகன் இறந்த இடத்தில் நான் நின்றபோது, பின் வாங்கில் இருந்து ஒரு பையன் கேட்டான். வழமையாக வாய் திறக்காத பையன்.

"சேர், ரோட்டுல பனிய அள்ளி இரிந்தா அந்தப் புள்ள மௌத்தாகி இரிக்காதே?"

நான் பதில் சொல்லாமல் நின்றுவிட்டேன். ஏனென்றால் நான் சொல்லிக்கொண்டிருந்தது திறமையின் கதை. அவன் கேட்டது பொறுப்பின் கேள்வி. அவன் கேட்டது சரி. அந்த மாரியில் வல்கோர்ட்டுக்கும் ஷெர்புரூக்கும் இடையில் குறைவாக இருந்தது இயந்திர அறிவு மட்டுமல்ல. பனி அள்ளும் இயந்திரம் 1934இல் இருந்தது. நகரத்துக்கு ஓடியது. கிராமத்துக்கு ஓடவில்லை. கிராமத்துக்கும் ஓடவேண்டும் என்று முடிவெடுக்க இன்னும் பதினான்கு வருடம் எடுத்தது.

அந்தப் பதினான்கு வருடத்தை எத்தனையோ வீடுகள் ஒரு கராஜ்காரரின் வண்டியில்தான் கடந்தன. அது அவருக்குப் பெருமை. ஆனால் அந்த வண்டி தேவைப்பட்டதே அந்த மாகாணத்துக்குப் பெருமையான விடயமல்ல. இரண்டையும் ஒன்றாகவே வைத்துப் பார்க்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன். வீதி திறந்த அன்று அவருடைய வியாபாரம் விழுந்தது. ஆனால் அதே வீதியில் அடுத்த மாரியில் எந்த வீட்டு வாப்பாவும் நோயாளிப் பிள்ளையைச் சாதாரணக் காரில் ஏற்றிக்கொண்டு போகலாம். இன்னொரு தகப்பனுக்குத் தன் நிலை வரக்கூடாது என்று நினைத்தவருக்கு, அந்த விற்பனைக் கணக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நான் அதை அடிக்கடி யோசிக்கிறேன்.

வெள்ளம் வந்தால் கர்ப்பிணித் தாயை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வைத்தியசாலைக்கு அனுப்புகிற ஊர்க்காரர் நாம். அந்த மெசின் ஓட்டுகிற தம்பிமாரைப் பாராட்டுகிறோம், பாராட்டத்தான் வேண்டும். பாராட்டி முடிந்ததும், அந்தப் பாலம் ஏன் இன்னும் தாழ்வாகவே கிடக்கிறது என்றும் கேட்கவேண்டும். பாராட்டு கேள்வியை மறக்கடித்துவிடக் கூடாது.

அந்தப் பையனுக்கு அடுத்த பாடவேளையில் பதில் சொன்னேன். "நீ கேட்டது சரி மகன். உன் கேள்விக்குப் பதில் செய்யவேண்டியது இயந்திரம் படிச்சவர் மட்டுமல்ல" என்றேன். இரும்புச் சில்லுக் கீறிய பிள்ளையின் படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் எதையாவது கழற்றிப் போட்டுவிட்டுப் பூட்டத் தெரியாமல் முழிக்கிற பிள்ளை இருந்தால் ஏசாதீர்கள். பூட்டி முடிக்கச் சொல்லுங்கள். முடியும் வரை பக்கத்தில் இருங்கள்.

உங்கள் ஊரில் வெள்ளத்துக்கோ சேற்றுக்கோ என்று யாராவது வாகனத்தை மாற்றிச் செய்திருந்தால் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது. வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவேன்.